மொடக்குறிச்சி 1996: ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

1996ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டு ஒரு தாளில் அடங்காமல் புத்தகமாக அச்சாகி வந்தது. பொது அறிவு நூல்களில் இது ஒரு விந்தைச் செய்தியாகவே இடம்பெறுகிறது. அந்தத் தொகுதியின் நிலத்தையும் நீரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது எங்கிருந்து கிளம்பியது என்பது புரியும். அதன் பிறகு நாடு முழுவதற்கும் தேர்தல் சட்டம் மாறியதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது எங்கே போய் முடிந்தது என்பது தெரியும். மனு போட்ட விவசாயிகளின் பெயர்களை இங்கே தரவில்லை, தேர்தல் பணியில் இருந்த அலுவலர்களின் பெயர்களையும் தரவில்லை. பொதுவாழ்வில் இருந்தவர்களின் பெயர்கள் மட்டும் தேவையான இடத்தில் வரும்.

பின்னணி: நிலமும் நீரும்

தொகுதியின் கிழக்கு ஓரம் காவிரி. ஆற்றோரமாகப் பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி. மேற்கே தள்ளிப் போனால் அவல்பூந்துறை, அரச்சலூர். நடுவில் சிவகிரி. அரச்சலூர்ப் பக்கம்தான் தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலை இருக்கிறது. வாக்காளர் எண்ணிக்கையில் ஈரோடு நகரத்தின் நிழல் கொஞ்சம் விழும் என்றாலும், தொகுதியின் உடம்பு முழுக்கத் தோட்டமும் வயலும்தான். மஞ்சள், கரும்பு, நெல், தென்னை, நிலக்கடலை, எள். அவல்பூந்துறையில் கொப்பரை ஏலம், சிவகிரியில் எள் ஏலம் என்று அந்தந்த ஊருக்கு ஒரு சந்தை முகம் உண்டு.

ஆற்றோரத்து ஊர்களுக்குக் காலிங்கராயன் வாய்க்கால். பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்கு அருகே அணை போட்டு, 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. வளைந்து நெளிந்து சுமார் 90 கிலோமீட்டர் ஓடிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் முடிகிறது. பழைய பாசனம் என்பதால் அதன் உரிமைகளும் பழையவை. மேட்டுப் பகுதிக்குக் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணை 1955இல் முடிந்த பிறகு வந்தது இது. சுமார் 200 கிலோமீட்டர் நீளம், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம். அத்தனை ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்கு நன்செய்க்கும் மறு பாதிக்குப் புன்செய்க்கும் முறை வைத்து விடுகிறார்கள். அடுத்த ஆண்டு அது மாறும். ஒரு விவசாயி இந்த வருஷம் நெல் நடலாமா கடலை போடலாமா என்பதை அவர் வயலுக்கு வரும் மதகின் எண்ணே பாதி முடிவு செய்துவிடுகிறது. கடைமடையில் இருப்பவருக்கு முறை வந்தாலும் தண்ணீர் வந்து சேருமா என்பது தனிக் கவலை.

தெற்கு எல்லைப் பக்கம் நொய்யல். 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டியது பாசனத்துக்காக. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியது. பாசன அணையே தங்களுக்கு எதிரியாகிப்போனதைக் கீழே இருந்த கிராமங்கள் பார்த்தன.

இப்படி ஒரு தொகுதிக்குள்ளேயே தண்ணீர் சம்பந்தமாக நான்கு வெவ்வேறு பிரச்சினைகள். அதற்கு மேல் மஞ்சள். நட்டு ஒன்பது பத்து மாதம் காத்திருந்து, வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, மெருகேற்றி மண்டிக்குக் கொண்டுபோகும்போதுதான் விலை தெரியும். போட்ட முதல் திரும்புமா என்பது அந்த நாள் வரை தெரியாது.

கொங்கு மண்டலத்து விவசாயிகள் போராட்டத்துக்குப் புதியவர்கள் இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது, விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த விவசாயிகள் சங்கம் 1984இல் அவர் மறைந்த பிறகு பல பிரிவுகளாகச் சிதறியது. சங்கங்கள் இருந்தன, போராடிய அனுபவம் இருந்தது. ஆனால் தேர்தல் அரசியலில் தங்களுக்கென்று ஒரு இடம் இல்லை.

தொகுதியின் தேர்தல் பழக்கம்

மொடக்குறிச்சி இரு பெரிய கட்சிகளுக்குள் மாறி மாறி நின்ற தொகுதி. 1977இல் சுப்புலட்சுமி ஜெகதீசன் அதிமுக சார்பில் இங்கே வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றார். பிறகு அவர் திமுகவுக்கு வந்தார். 1996இல் திமுக அவரையே இங்கே நிறுத்தியது. மாநிலம் முழுவதும் ஆளுங்கட்சிக்கு எதிரான அலை வீசிய தேர்தல் அது. யார் ஜெயிப்பார் என்பதில் பெரிய சந்தேகம் இல்லாத ஒரு ஊரில்தான் இந்த நிகழ்வு நடந்தது. விவசாயிகளின் முடிவைப் புரிந்துகொள்ள இது முக்கியம். அவர்கள் யாரையும் தோற்கடிக்க நிற்கவில்லை.

விவசாயிகள் எடுத்த முடிவு

எந்த அரசு வந்தாலும் தங்கள் குறைகளைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது குற்றச்சாட்டு. விவசாயிகள் சங்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுயேச்சைகளாக நிறுத்த முடிவு செய்தது.

தேர்தலைப் புறக்கணித்திருக்கலாமே என்று கேட்கலாம். புறக்கணிப்பு என்பது வாக்குப்பதிவு விழுக்காட்டில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். காரணம் எங்கேயும் பதிவாகாது. 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற பொத்தானும் அப்போது கிடையாது, அது 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் வேட்புமனு அப்படியல்ல. முறையாகத் தாக்கல் செய்த மனுவை அரசு இயந்திரம் ஒதுக்கித்தள்ள முடியாது. வாங்கவேண்டும், பரிசீலிக்கவேண்டும், பெயரை அச்சிடவேண்டும், சின்னம் கொடுக்கவேண்டும். மாவட்ட அலுவலகத்தில் கொடுத்த கோரிக்கை மனு எந்தக் கோப்பில் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் அலைந்தவர்களுக்கு, அலுவலர் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு மனு கிடைத்தது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

செலவும் கைக்கு அடக்கம். சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி 250 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. முன்மொழிய அதே தொகுதியின் ஒரே ஒரு வாக்காளர் போதும். 1,033 பேரும் முழுத் தொகை கட்டியிருந்தாலும் மொத்தம் 2 லட்சத்து 58 ஆயிரத்து 250 ரூபாய்தான். இந்தப் பணத்தில் மாநிலம் முழுக்கப் பேசவைக்கும் வேறு போராட்டம் ஒன்றை நடத்த முடியாது.

அலுவலர்கள் முன் இருந்த சிக்கல்

ஆள் அதிகம் என்பதற்காக மனுவைத் தள்ளுபடி செய்யச் சட்டத்தில் இடமில்லை. வயது, வாக்காளர் பதிவு, முன்மொழிபவர் கையெழுத்து, வைப்புத்தொகை எல்லாம் சரியாக இருந்தால் ஏற்கத்தான் வேண்டும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனிச் சின்னம். சுயேச்சைகளுக்கான வழக்கமான சின்னப் பட்டியல் ஆயிரம் பேருக்குத் தாங்காது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாக்குச்சாவடியில் ஒரு முகவர் வைக்கும் உரிமை உண்டு, எண்ணும் இடத்திலும் உண்டு. கிராமத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கும் வாக்குச்சாவடியில் ஆயிரம் முகவர்களை எங்கே உட்காரவைப்பது?

பெயர் வரிசையும் ஒரு பிரச்சினை. அன்றைய சட்டப்படி எல்லா வேட்பாளர்களும் ஒரே அகர வரிசையில் வருவார்கள், பெரிய கட்சி, சுயேச்சை என்ற பாகுபாடு கிடையாது. ஆயிரம் பெயர்களுக்கு நடுவே உதயசூரியனும் இரட்டை இலையும் எங்கேயோ ஒரு பக்கத்தில் கிடக்கும். வாக்காளர் தேடித்தான் எடுக்கவேண்டும்.

டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலம் அது. தேர்தல் ஆணையம் இரண்டு முடிவுகளை எடுத்தது: வாக்குப்பதிவை ஒரு மாதம் தள்ளிவைப்பது, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிடுவது. பெயர்களைச் சுருக்கவோ மனுக்களைத் திரும்பப் பெறவைக்கவோ குறுக்குவழி தேடவில்லை. இந்த இடத்தில் நிர்வாகம் சரியாக நடந்துகொண்டது என்பது என் கருத்து. விவசாயிகள் கையில் எடுத்தது சட்டம் கொடுத்த உரிமை, அதை முழுமையாக மதித்தார்கள்.

தள்ளிவைத்ததற்கு ஒரு விலையும் இருந்தது. மற்றத் தொகுதிகளில் வாக்கு எண்ணி முடிந்து, மே 13ஆம் தேதி மு. கருணாநிதி முதல்வராகப் பொறுப்பேற்றுவிட்டார். மொடக்குறிச்சி மக்கள் வாக்களித்தபோது புதிய அரசு அமைந்துவிட்டிருந்தது. யாருடைய காதில் விழவேண்டும் என்று இத்தனை பேர் நின்றார்களோ, அந்தப் பழைய அரசு பதவியில் இல்லை. புதிய அரசுக்கோ இந்தத் தொகுதியின் முடிவால் ஆகவேண்டியது எதுவும் இல்லை.

வாக்குப்பதிவில் கவனிக்கவேண்டியது

புத்தக வாக்குச்சீட்டில் வாக்களிப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒற்றைத் தாள் என்றால் விரித்து, சின்னத்தைப் பார்த்து, முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போடுவார்கள். அம்புக்குறிச் சிலுவை போன்ற அந்த முத்திரையின் வடிவத்துக்கே ஒரு காரணம் உண்டு. மை காயுமுன் தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு தடம் விழும். எது உண்மையான முத்திரை, எது மடிப்பில் ஒட்டிய நிழல் என்று அம்பின் திசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எதிர்ப்பக்கம் இருக்கிறது. எண்ணுபவர் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டி முத்திரையைத் தேடவேண்டும், ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை பார்க்கவேண்டும், அப்புறம்தான் உரிய கட்டில் சேர்க்க முடியும்.

இத்தனை சிரமத்துக்கு நடுவிலும் வாக்காளர்கள் தேடியதைக் கண்டுபிடித்தார்கள். சுப்புலட்சுமி ஜெகதீசன் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கி வென்றார். அதிமுக வேட்பாளர் சுமார் 25 ஆயிரம் வாங்கி இரண்டாம் இடம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அந்தப் புத்தகத்தில் தன் சின்னத்தைத் தேடிப் பக்கம் புரட்டியிருப்பார் என்று நினைக்கும்போது, அந்தத் தொகுதி மக்கள் மேல் மரியாதை கூடுகிறது.

சுயேச்சைகளில் 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. 158 பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு. இதைக் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கொஞ்சம் யோசித்தால் வேறு ஒன்று தெரியும். ஒவ்வொரு மனுவையும் அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். 88 பேருக்குச் சுழியம் என்றால், முன்மொழிந்தவர்கள்கூட அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. வேட்பாளர் அதே தொகுதிக்காரர் என்றால் அவரும் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. மனு என்பது அவர்களுக்குச் சங்கத்தின் குரல், வாக்கு என்பது யார் ஆளவேண்டும் என்ற தனி முடிவு. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவே இல்லை. வாக்குகள் சிதறி, யாரோ எதிர்பாராமல் ஜெயித்துவிடும் ஆபத்து இங்கே நடக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

வைப்புத்தொகையைத் திரும்பப் பெறச் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கவேண்டும். எந்தத் தொகுதியிலும் ஐந்து பேருக்கு மேல் அதைத் தாண்டவே முடியாது. ஆகவே குறைந்தது 1,028 பேர் கட்டிய பணம் அரசுக்குப் போனது.

என்ன பின்தொடர்ந்தது

அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். குடிநீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பு வளைந்துபோன மாவட்டம் அது, பாசன நீர் கேட்டு நடந்த போராட்டம். கர்நாடகத்தின் பெல்காமில் மகாராஷ்டிரத்துடனான எல்லைப் பிரச்சினைக்காக 456 பேர். ஆக, மொடக்குறிச்சி தனி நிகழ்வு இல்லை.

நாடாளுமன்றம் வேகமாகச் செயல்பட்டது. 1996 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தத்தில் சட்டமன்றத்துக்கான வைப்புத்தொகை 250இலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500இலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. வாக்குச்சீட்டு வரிசையும் மாறியது: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்துப் பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். இன்று வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெரிய கட்சிகள் மேலேயும் சுயேச்சைகள் கீழேயும் இருப்பது அந்தத் திருத்தத்தால்தான்.

விளைவு உடனே தெரிந்தது. 1996 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் 13,952 வேட்பாளர்கள். 1998இல் 4,750 பேர். 2010இல் வைப்புத்தொகை மறுபடி உயர்ந்து, இப்போது சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. இன்றைய விலையில் அந்த 1,033 பேரும் நிற்கவேண்டும் என்றால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கட்டவேண்டும்.

ஆயிரம் பேர் நின்றதால் ஏற்பட்ட நிர்வாகச் சிக்கலுக்குத் தீர்வு கிடைத்தது. ஆயிரம் பேர் ஏன் நின்றார்கள் என்பதற்கு அந்தத் திருத்தத்தில் ஒரு வரிகூட இல்லை. தேர்தல் சட்டத்தின் வேலை அதுவல்ல என்று சொல்லலாம், அது சரிதான். ஆனால் வேறு எந்தச் சட்டத்திலும் அந்தப் பதில் வரவில்லை. இன்று அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும் யாரிடம் கேட்டாலும் 1,033 என்ற எண் சட்டென்று வரும். கோரிக்கை என்ன என்று கேட்டால் 'ஏதோ விவசாயிகள் பிரச்சினை' என்பதோடு பேச்சு நின்றுவிடும். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

அதற்குப் பிறகு தொகுதி

2006இல் காங்கிரஸ், 2011இலும் 2016இலும் அதிமுக, 2021இல் பாஜக என்று தொகுதி கைமாறியது. 2021இல் பாஜகவின் சி. சரஸ்வதியிடம் சுப்புலட்சுமி ஜெகதீசன் தோற்றது 281 வாக்குகளில். 1996இல் ஆயிரம் சுயேச்சைகள் நின்றும் முடிவு அசையவில்லை. இவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒரு சின்ன விவசாயிகள் குழு ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும்.

தண்ணீர்ப் பிரச்சினை மட்டும் தொடர்கிறது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்ற வழக்கில் ஆயக்கட்டு விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கசிவுநீரை நம்பிய கிணற்றுக்காரர்கள் ஒரு பக்கம், கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் போதும் என்பவர்கள் மறு பக்கம்.

என்ன மாற்றிச் செய்யலாம்

ஒப்பிட்டுப் பார்க்க நிஜாமாபாத் இருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் அந்தத் தொகுதியில் 185 வேட்பாளர்கள், அவர்களில் 170க்கும் மேற்பட்டவர்கள் விவசாயிகள். அங்கேயும் மஞ்சள்தான் பயிர். பொதுப் பிரிவுக் கணக்கில் வைப்புத்தொகை மட்டுமே 40 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாக்குச்சாவடிக்கு 12 வாக்குப்பதிவு அலகுகளை வரிசையாக வைத்துத் தேர்தல் நடத்தினார்கள். மஞ்சள் வாரியம் வேண்டும் என்பது அவர்களின் முதல் கோரிக்கை. எதிர்த்து நின்ற பாஜக வேட்பாளர் அதைக் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். பதவியில் இருந்த எம்.பி. கவிதா தோற்றார். வாரியம் 2023இல் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாதைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. தாமதம்தான், ஆனால் பெயர் சொல்லிக் கேட்ட ஒன்று பெயரோடு வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனை பேர் நிற்பது என்பதைவிட எதைக் கேட்பது என்பதில் அதிக உழைப்பு தேவை என்று படுகிறது. மொடக்குறிச்சி போன்ற தொகுதியில் காலிங்கராயன் பாசனக்காரரும் கீழ்பவானிக் கடைமடைக்காரரும் நொய்யல் கரைக்காரரும் ஒரே கோரிக்கையில் கையெழுத்திடுவது கடினம். அந்தக் கடினமான பேச்சை மனுத் தாக்கலுக்கு முன்பே முடித்திருக்கவேண்டும். பெரிய கட்சி வேட்பாளர்களிடம் எழுத்தில் பதில் கேட்டு, அது வந்தால் மனுக்களைத் திரும்பப் பெறுவது என்று ஒரு வழி வைத்திருந்தால் பேரம் பேச இடம் இருந்திருக்கும். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள்தான் அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம்.

மனு போடுபவர்களுக்கு இன்னொரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும், தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். ஆயிரம் பேரை நிறுத்தும் சங்கம் ஆயிரம் கணக்குகளையும் எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கவேண்டும்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், 1996 திருத்தத்தில் இரண்டு தடைகள் ஒன்றாக வந்தன: பத்து முன்மொழிபவர்கள், இருபது மடங்கு வைப்புத்தொகை. முதல் தடை ஊரில் நாலு பேருடைய நம்பிக்கையைக் கேட்கிறது, அது நியாயம். ஆயிரம் பேர் நிற்கப் பத்தாயிரம் முன்மொழிவுக் கையெழுத்துகள் வேண்டும் என்றால், அப்படி ஒரு போராட்டம் உண்மையிலேயே பெரியதாக இருந்தால்தான் நடக்கும். இரண்டாவது தடை கையில் பணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. முன்மொழிபவர் எண்ணிக்கையை வேண்டுமானால் நூறாகக்கூட உயர்த்தலாம். வைப்புத்தொகையை ஒரு விவசாயக் கூலி தன் சம்பாத்தியத்தில் கட்டக்கூடிய அளவுக்கு இறக்கவேண்டும்.